டைல்ஸ் பட்டறைக் கணக்கில் சம், கவுன்ட், குரூப் பை

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு முன்னால் அப்பா எழுதினார், சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டில். நான் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் எழுதுகிறேன். பட்டறையை நடத்துவது ஓர் ஆச்சி. எழுபது வயதைத் தாண்டியவர், கம்ப்யூட்டரைத் தொடமாட்டார், ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கீழே வரும் தப்புகளில் பெரியதைக் கண்டுபிடித்தது அவர்தான்.

சம் (கூட்டல்), கவுன்ட் (எண்ணிக்கை), ஏவிஜி (சராசரி), மின் (மிகச் சிறியது), மேக்ஸ் (மிகப் பெரியது). அக்ரிகேட் ஃபங்ஷன் என்றால் முதலில் இந்த ஐந்துதான். பல வரிகளை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு விடையைத் தரும். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழிதான் எஸ்கியூஎல். 1986இல் வந்த அதன் முதல் தரநிலையிலேயே ஐந்தும் இருந்தன. அதனால் எந்த எஸ்கியூஎல் டேட்டாபேஸில் உட்கார்ந்தாலும் இவை இருக்கும். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். கூட்டலில் இவை தப்பு செய்வதே கிடையாது. எதைக் கூட்டச் சொன்னோம் என்பதில்தான் நாம் சறுக்குவோம்.

எங்கள் பக்கத்தில் நகரத்தார் கோயில் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே தலையை எண்ணுவதில்லை, வீட்டையும் எண்ணுவதில்லை. புள்ளியைத்தான் எண்ணுவார்கள். கல்யாணமாகித் தனிக் குடும்பமான தம்பதி ஒரு புள்ளி. ஒரே பெரிய வீட்டில் நாலு பிள்ளைகள் நாலு அடுப்பு வைத்திருந்தால் அது நாலு புள்ளி. கோயிலுக்குக் கொடுப்பதும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். 'இந்த ஊரில் எத்தனை?' என்று கேட்டால் தலைக்கு ஒரு விடை, வீட்டுக்கு ஒரு விடை, புள்ளிக்கு ஒரு விடை. மூன்றுமே சரி. டேபிளைத் திறந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதேதான்: இதில் ஒரு வரி என்பது என்ன?

எங்கள் உற்பத்தி டேபிளில் ஒரு வரி என்பது ஓர் ஆள், ஒரு நாளில், ஓர் அச்சில் போட்ட கல். பத்திகள் ஐந்து: தேதி, ஆள், அச்சு, போட்டது, கழிவு. ஆட்களின் பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்திருக்கிறேன். கணக்குப் பார்க்க வசதியாக எண்ணிக்கையையும் சிறிதாக்கிவிட்டேன்.

3ஆம் தேதி, ஆள் 1, தாமரை, 60, 2
3ஆம் தேதி, ஆள் 1, கட்டம், 30, 0
3ஆம் தேதி, ஆள் 2, தாமரை, 80, 4
4ஆம் தேதி, ஆள் 1, தாமரை, 90, காலி
4ஆம் தேதி, ஆள் 2, கட்டம், 70, காலி
4ஆம் தேதி, ஆள் 3, கட்டம், 50, காலி

கடைசிப் பத்தி ஏன் காலியாக இருக்கிறது என்பதற்குக் கல் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நிறம் கலந்த சிமென்ட் கூழை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்வார்கள். எல்லாமே கைவேலை. அப்புறம் காய வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும், மறுபடி வெயில் பார்க்க வேண்டும். எது உடைந்தது, எதில் நிறம் கலங்கியது, எதற்கு மூலை போயிற்று என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியும். ஆக, 4ஆம் தேதிக் கற்கள் இன்னும் தொட்டியில் இருக்கின்றன. கழிவு பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம். காலி என்றால் இன்னும் எண்ணவில்லை. எஸ்கியூஎல்லில் இந்தக் காலிக்கு நல் என்று பெயர். பெயர்தான் நல், குணம் அப்படியல்ல.

குவரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். செலக்ட், ஃப்ரம் போன்ற கட்டளைச் சொற்களை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். டேபிள் பெயரும் பத்திப் பெயரும் தமிழிலேயே இருக்கலாம். எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய மூன்று டேட்டாபேஸுமே ஏற்றுக்கொள்ளும்.

செலக்ட் கவுன்ட்(*), சம்(போட்டது), மின்(போட்டது), மேக்ஸ்(போட்டது)
ஃப்ரம் உற்பத்தி;

விடை: 6, 380, 30, 90. இதில் விளக்க ஒன்றுமில்லை. மின்னும் மேக்ஸும் தேதிக்கும் எழுத்துக்கும்கூட வேலை செய்யும். ஆனால் தேதியை 4-6-2024 என்று வெறும் எழுத்தாகப் போட்டு வைத்திருந்தால், 10-6-2024ஐவிட அதுதான் பெரியது என்று மேக்ஸ் சொல்லும். எழுத்தை எழுத்தாகத்தான் அது ஒப்பிடும், 1ஐவிட 4 பெரியது. 2024-06-04 என்று ஆண்டை முன்னால் போட்டு வையுங்கள், தொல்லை விட்டது.

கவுன்ட்டில் மூன்று வகை உண்டு:

செலக்ட் கவுன்ட்(*), கவுன்ட்(கழிவு), கவுன்ட்(டிஸ்டிங்க்ட் ஆள்)
ஃப்ரம் உற்பத்தி;

விடை: 6, 3, 3. முதலாவது வரிகளை எண்ணுகிறது. இரண்டாவது, கழிவுப் பத்தி காலியாக இல்லாத வரிகளை மட்டும் எண்ணுகிறது. மூன்றாவது, எத்தனை வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணுகிறது. இரண்டு மூன்றும் ஒன்றாக வந்தது தற்செயல். தலை, வீடு, புள்ளி கதைதான் இதுவும்.

அடுத்து சராசரி. என்னைப் பொறுத்தவரை ஐந்தில் மோசமானது ஏவிஜிதான். எப்போதும் நம்பும்படியான ஓர் எண்ணைத் தந்துவிடும். ஒருநாள் ஆச்சி கேட்டார்: "ஒரு ஆளு ஒரு நாளைக்குச் சராசரியா எத்தனை கல்லுப்பா போடுறாங்க?" நான் ஏவிஜி(போட்டது) என்று தட்டினேன். 63.33 என்று வந்தது. 380ஐ 6ஆல் வகுத்த எண் அது. ஆனால் ஆச்சி கேட்டது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு. 3ஆம் தேதி ஆள் 1 இரண்டு அச்சில் வேலை பார்த்ததால் அவருடைய ஒரே நாள் இரண்டு வரியாகப் பிரிந்து கிடக்கிறது. முதலில் ஆள்வாரி, நாள்வாரி கூட்டிக்கொண்டு, அப்புறம்தான் சராசரி எடுக்க வேண்டும்:

செலக்ட் ஏவிஜி(நாள்_மொத்தம்) ஃப்ரம்
  (செலக்ட் தேதி, ஆள், சம்(போட்டது) ஆஸ் நாள்_மொத்தம்
   ஃப்ரம் உற்பத்தி
   குரூப் பை தேதி, ஆள்) ஆஸ் நாள்கள்;

உள்ளே இருப்பது 90, 80, 90, 70, 50 என்று ஐந்து வரி தரும். வெளியே சராசரி 76. கூலியை இந்த எண்ணை வைத்துப் பேசுகிறவர்களுக்கு 63க்கும் 76க்கும் உள்ள தூரம் சின்னதல்ல.

ஏவிஜி காலியைத் தாண்டிப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஏவிஜி(கழிவு) என்றால் 6ஐ 3ஆல் வகுத்து 2 தரும். காலிக்கெல்லாம் பூஜ்யம் போட்டு வைத்திருந்தால் 1 வந்திருக்கும். நம் விஷயத்தில் 2தான் சரி, ஏனென்றால் தொட்டியில் இருப்பதை யாரும் இன்னும் பார்க்கவில்லை. இடம் காலியாக இருப்பது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பூஜ்யத்தை நிரப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இன்னொன்று: மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் முழு எண் பத்திக்கு ஏவிஜி எடுத்தால் விடையும் முழு எண்ணாகத்தான் வரும், பின்னம் வெட்டுப்பட்டுவிடும்.

கழிவு நூற்றுக்கு எத்தனை என்பதுதான் பட்டறைக்கு உயிரான கேள்வி. நான் முதலில் எழுதியது சம்(கழிவு) / சம்(போட்டது). பூஜ்யம் வந்தது. எஸ்கியூலைட்டும் போஸ்ட்கிரெஸும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை விட்டுவிடும், மைஎஸ்கியூஎல் விடாது. சரி, முன்னால் 100.0 என்று புள்ளி வைத்த எண்ணைப் போட்டுப் பெருக்கினேன். 1.58 வந்தது. நூற்றுக்கு ஒன்றரைதான் கழிவு என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த எண்ணும் தப்பு. மேலே இருக்கும் 6 கழிவு, 3ஆம் தேதிக் கற்களில் மட்டும் வந்தது. கீழே இருக்கும் 380இல் தொட்டியில் ஊறும் 210 கல்லும் சேர்ந்துவிட்டது. சம் கழிவுப் பத்தியில் காலியைத் தாண்டிவிட்டது, போட்டது பத்தியில் காலியே இல்லாததால் எல்லாவற்றையும் கூட்டிவிட்டது. இரண்டும் ஒரே வரிகளைப் பார்க்க வேண்டும். கழிவு காலியாக இல்லாத வரிகளை மட்டும் வேர் விட்டுவைக்கும்:

செலக்ட் 100.0 * சம்(கழிவு) / சம்(போட்டது)
ஃப்ரம் உற்பத்தி
வேர் கழிவு ஈஸ் நாட் நல்;

6ஐ 170ஆல் வகுத்தால் 3.53. முதலில் வந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே சதவீதம் போட்டு அதற்குச் சராசரி எடுக்கலாமே என்று தோன்றும். 3.33, 0, 5 மூன்றுக்கும் சராசரி 2.78. அதுவும் சரியல்ல, 30 கல் போட்ட வரிக்கும் 80 கல் போட்ட வரிக்கும் ஒரே மரியாதை கொடுத்துவிடும். இரண்டையும் தனித்தனியே கூட்டிவிட்டு அப்புறம் வகுங்கள்.

குரூப் பை என்பது கல்லை அச்சுவாரியாக அடுக்கிவிட்டு, அடுக்கு அடுக்காக எண்ணுவது போல:

செலக்ட் அச்சு, சம்(போட்டது)
ஃப்ரம் உற்பத்தி
குரூப் பை அச்சு;

தாமரை 230, கட்டம் 150. செலக்டில் ஃபங்ஷனுக்குள் அடங்காமல் நிற்கும் பத்தி எல்லாம் குரூப் பையிலும் இருக்க வேண்டும். செலக்ட் ஆள், மேக்ஸ்(போட்டது) என்று குரூப் பை இல்லாமல் எழுதினால் போஸ்ட்கிரெஸ் முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் 5.7க்கு முந்தைய பதிப்புகள் மறுக்காமல் ஏதோ ஒரு வரியின் ஆளைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். எஸ்கியூலைட் மேக்ஸ் வந்த வரியின் ஆளையே தரும். வசதிதான், ஆனால் பழகிவிட்டால் வேறு இடத்தில் காலை வாரும். அதிகம் போட்டது யார் என்று தெரிய, போட்டது பத்தியை இறங்கு வரிசையில் அடுக்கி முதல் வரியை எடுப்பதே எளிது.

வேர், ஹேவிங் குழப்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: வேர் அடுக்குவதற்கு முன்னால் கல்லைக் கழிக்கும், ஹேவிங் அடுக்கிய பிறகு அடுக்கைக் கழிக்கும். ஹேவிங் சம்(போட்டது) > 200 என்றால் தாமரை 230 மட்டும் வரும். வேர் போட்டது > 60 என்றால் 60, 30, 50 போட்ட வரிகள் முதலிலேயே போய்விடும், அப்புறம் தாமரை 170, கட்டம் 70 என்று வரும். வேருக்குள் சம் எழுத முடியாததற்கும் இதுதான் காரணம், அந்த நேரத்தில் கூட்டலே நடந்திருக்காது.

அடுக்குகளைக் கீழே கீழே காட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டுமென்றால் சம்முக்குள், 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று சொல்லும் கேஸை வைக்கலாம்:

செலக்ட் தேதி,
  சம்(கேஸ் வென் அச்சு = 'தாமரை' தென் போட்டது எல்ஸ் 0 எண்ட்) ஆஸ் தாமரை,
  சம்(கேஸ் வென் அச்சு = 'கட்டம்' தென் போட்டது எல்ஸ் 0 எண்ட்) ஆஸ் கட்டம்
ஃப்ரம் உற்பத்தி
குரூப் பை தேதி;

3ஆம் தேதிக்கு 140, 30. 4ஆம் தேதிக்கு 90, 120. ஆச்சிக்கு அச்சடித்துக் கொடுப்பது இந்த வடிவத்தில்தான், பேரேட்டைப் போலவே இருக்கும். பேரேட்டில் பக்க அடியில் 'ஆக' என்று போட்டுக் கூட்டுவார்களே, அதைப் போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ரோல்அப் செய்துவிடும். அந்த மொத்த வரியில் தேதி இருக்கும் இடம் காலியாக வரும், பயப்பட வேண்டாம். எஸ்கியூலைட்டில் ரோல்அப் கிடையாது. நான் மொத்தத்துக்குத் தனிக் குவரி எழுதி, யூனியன் ஆல் போட்டு அதன் விடையைக் கீழே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் பெரிய தப்புக்கு வருகிறேன். பில் என்று ஒரு டேபிள்: எண், இடம், தொகை. ஒரு வரி ஒரு பில். வரவு என்று இன்னொன்று: பில்_எண், தேதி, தொகை. ஒரு வரி ஒரு தவணை.

பில் 11, கானாடுகாத்தான், 60,000. வரவு 20,000, 20,000, 10,000.
பில் 12, தேவகோட்டை, 40,000. வரவு 15,000.
பில் 13, பள்ளத்தூர், 30,000. வரவு இன்னும் இல்லை.

பாக்கிப் பட்டியல் வேண்டும். இரண்டு டேபிளையும் பில் எண்ணில் ஜாயின் செய்து (ஒரே பில் எண் உள்ள வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி), சம்(பில்.தொகை) - சம்(வரவு.தொகை) என்று எழுதி, பில் எண்ணில் குரூப் செய்தேன். கொண்டுபோய் ஆச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முதல் வரியைப் பார்த்தார்.

"ஏப்பா, அறுபதாயிரத்துக்குக் கல்லு எடுத்தவுக ஒரு லட்சத்து முப்பதாயிரம் எப்படிப் பாக்கி வைப்பாக? வட்டிக்கா விட்டே?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. "பள்ளத்தூரு எங்கே?" என்று அடுத்த கேள்வி. பட்டியலில் பள்ளத்தூரே இல்லை.

நடந்தது இது. ஜாயின் செய்ததும் பில் 11 மூன்று தவணையோடும் ஒட்டி மூன்று வரியாகிவிட்டது. ஒவ்வொரு வரியிலும் 60,000 நிற்கிறது. சம் கண்ணை மூடிக்கொண்டு 1,80,000 என்று கூட்டியது. அதில் 50,000 வரவைக் கழித்தால் 1,30,000. பில் 13க்குத் தவணையே இல்லாததால் ஜாயினில் ஒட்ட இடமில்லாமல் விழுந்துவிட்டது. மொத்தப் பாக்கி 65,000 இருக்க வேண்டிய இடத்தில் 1,55,000. ஜாயினுக்குப் பிறகு ஒரு வரி என்பது பில் அல்ல, தவணை. நான் அதைக் கவனிக்கவில்லை.

சம்(டிஸ்டிங்க்ட் தொகை) போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பில் 11இன் வரவில் இரண்டு 20,000 இருக்கிறதே, அதை ஒன்றாக்கி வரவு 30,000தான் என்று சொல்லிவிடும். வாங்கின பணத்தை வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்த கணக்குப்பிள்ளைக்கு ஊரில் மரியாதை இருக்காது.

வழி இது. வரவைத் தனியாகப் பில்வாரி கூட்டிவிடுங்கள். அப்போது அதிலும் ஒரு பில்லுக்கு ஒரு வரிதான். பிறகு ஜாயின் செய்தால் எதுவும் பெருகாது:

செலக்ட் ப.எண், ப.இடம், ப.தொகை - கோஅலெஸ்(வ.மொத்தம், 0) ஆஸ் பாக்கி
ஃப்ரம் பில் ஆஸ் ப
லெஃப்ட் ஜாயின்
  (செலக்ட் பில்_எண், சம்(தொகை) ஆஸ் மொத்தம்
   ஃப்ரம் வரவு
   குரூப் பை பில்_எண்) ஆஸ் வ
ஆன் வ.பில்_எண் = ப.எண்;

10,000, 25,000, 30,000. லெஃப்ட் ஜாயின் என்றால் முதல் டேபிளின் வரி ஜோடி இல்லாவிட்டாலும் விழாது, அதைப் போட்டதால் பள்ளத்தூர் திரும்பி வந்துவிட்டது. கோஅலெஸ் காலி வந்த இடத்தில் 0 போடும். அது இல்லாவிட்டால் பள்ளத்தூர் பாக்கி காலியாக வந்திருக்கும், 30,000இலிருந்து காலியைக் கழித்தால் விடையும் காலிதான். இங்கே காலிக்குப் பூஜ்யம் போடுவது சரி. தவணை வரவில்லை என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும். தொட்டியில் இருக்கும் கல்லுக்கு அப்படித் தெரியாது. கூட்ட ஒரு வரியும் இல்லாதபோது சம் காலியைத் தரும், கவுன்ட் பூஜ்யத்தைத் தரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எத்தனை தவணை வந்தது என்று எண்ணுகிறீர்களா? உள்ளே கூட்டாமல் இரண்டு டேபிளையும் நேராக லெஃப்ட் ஜாயின் செய்து கவுன்ட்(*) போட்டால் பள்ளத்தூருக்கு 1 வரும், பில்லின் வரி ஒன்று நிற்கிறதே. கவுன்ட்(வரவு.தொகை) போட்டால் 0 வரும்.

அன்றிலிருந்து ஜாயின் போட்ட எந்தக் குவரிக்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஜாயினுக்கு முன் பில் டேபிளில் மட்டும் சம்(தொகை) எடுப்பேன், 1,30,000. ஜாயினுக்குப் பிறகு அதே பத்தியை மறுபடி கூட்டுவேன். ஒன்றாக இல்லையென்றால் பட்டியல் ஆச்சியிடம் போகாது.

போன வாரம் தொட்டியிலிருந்து 4ஆம் தேதிக் கற்கள் ஏறின. காலியாக இருந்த மூன்று இடங்களிலும் 3, 0, 1 என்று நிரப்பிவிட்டுக் கழிவுக் குவரியை ஓட்டினேன். வேர் வரியை மாற்றவில்லை, இப்போது ஆறு வரியும் தானாக உள்ளே வந்துவிட்டன. 380க்கு 10, அதாவது 2.63. செலக்டிலும் குரூப் பையிலும் அச்சைச் சேர்த்து இன்னொரு முறை ஓட்டினேன். கட்டம் 0.67, தாமரை 3.91.

ஆச்சி தாமரை அச்சைக் கொண்டுவரச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஓர் இதழின் தகடு உள்பக்கமாக நெளிந்து, அடியில் மயிரிழை அளவுக்குச் சந்து விட்டிருந்தது. சிவப்புக் கூழ் அதன் வழியாகத்தான் பக்கத்து வெள்ளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.